மைத்துனன் பிடித்த கயிறு

இரயில் சிநேகம் என்றொரு சொல் நம்மிடையே வழங்குகிறது. எழும்பூரில் ஏறி எதிரே அமர்ந்தவர், விழுப்புரம் வருவதற்குள் நம் குடும்பக் கதை முழுவதையும் கேட்டறிந்து, தம் கதையையும் கூறி முடித்து, கட்டுச்சோற்றில் ஒரு பங்கும் தந்து, திருச்சியில் இறங்கும்போது முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். அந்தச் சீட்டு சட்டைப்பையோடு சலவைக்குப் போய்விடும். இதில் எவர்மீதும் குற்றமில்லை. ஒருவரை ஒருவர் நம்பியே தீரவேண்டிய தேவை அங்கே எழவில்லை. பேச்சால் வளர்ந்த நட்பு, பேச்சு நின்றதும் நின்றுவிட்டது.

இதற்கு நேர்மாறான ஒரு சிநேகத்தைப் பற்றி இம்மாதம் வாசக அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அதில் பேச்சே கிடையாது. காற்றுக் குழாயின் முனையை வாயில் கவ்விக்கொண்டிருப்பவர்கள் எங்ஙனம் பேசுவது?

அந்தமானில் சுவராஜ் தீவு என்றொரு தீவு உள்ளது. 2018-ஆம் ஆண்டின் இறுதிவரை அதன் பெயர் ஹேவ்லாக். தலைநகரான போர்ட் பிளேருக்கும் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. ஆயினும் நாம் கண்டு பேசிய தீவுக்காரர்கள் அனைவரும் பழைய பெயர்களையே சொன்னார்கள். சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே 1,300 கிலோமீட்டருக்கு மேல் கடல் கிடக்கிறது. விமானம் இரண்டு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டிக் கொண்டுபோய் இறக்கிவிடும். பணி ஓய்வு பெற்று அவசரம் என்பதே இல்லாத நாமும் நம் துணைவியாரும் கப்பலையே தேர்ந்தோம். மூன்று இரவுகள் வானமும் நீரும் தவிர வேறொன்றும் காணாமல் சென்றால்தான், தொலைவு என்பது என்னவென்று உடம்புக்குத் தெரிகிறது. போர்ட் பிளேரில் இறங்கி மீண்டும் ஒரு சிறு கப்பலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வடகிழக்கே சென்றால் ஹேவ்லாக் வந்துசேரும்.

1950-களில் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றிய தீவு அது. கோவிந்த நகர், விஜய நகர், சியாம நகர், கிருஷ்ண நகர், ராதா நகர் என்று ஊர்ப் பெயர்களில் ஒரு பக்திப் பாட்டே அடங்கியிருக்கிறது. கடற்கரைகளுக்கோ எண்கள்தாம், இரண்டாம் எண் கடற்கரை, ஐந்தாம் எண் கடற்கரை என்றே ஆட்டோக்காரரிடம் சொல்லவேண்டும். பாக்கும் தென்னையும் வாழையும் நிறைந்த அத்தீவில், மரம் இழுக்கக் கொண்டுவரப்பட்டு, தொழில் நின்றபின் கடலில் நீந்தியே புகழ்பெற்ற ராஜன் என்ற யானை வாழ்ந்தது. 2016-இல் அது இறந்துவிட்டது. நாம் சென்றபோதும் அதைப் பற்றிப் பேசாத கடைக்காரர் இல்லை.

இன்று அத்தீவுக்கு மக்களை இழுப்பது கடலடியில் உள்ள பவளப்பாறைகள். முதுகில் காற்றுச் சிலிண்டரைச் சுமந்து நீருக்குள் இறங்கும் ஸ்கூபா என்னும் முறையை அங்கே பல நிலையங்களில் கற்பிக்கிறார்கள். அறுபதை எட்டிப் பிடிக்கும் வயதில் நமக்கு எதற்கு இந்த விளையாட்டு என்று துணைவியார் கேட்டது நியாயமே. மருத்துவர் இருதயத்தையும் நுரையீரலையும் சோதித்துச் சான்று எழுதிக் கொடுத்த பின்னரே சம்மதித்தார். நாம் நீருக்குள் இருந்த நேரமெல்லாம் அவர் கரையில் ஒரு தென்னை நிழலில் செபமாலையோடு அமர்ந்திருந்தார் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறோம்.

நான்கு நாள் பயிற்சி. கற்க வந்தவர்கள் நால்வர். நாசிக்கிலிருந்து வந்த ஒரு தாயும் கல்லூரியில் படிக்கும் அவர் மகளும், ராஞ்சியில் வங்கி ஒன்றில் பணிபுரியும் நாற்பது வயதுக்காரர் ஒருவர், பிறகு நாம். கற்பித்தவர், கடலே இல்லாத கோயம்புத்தூரிலிருந்து வந்து கடலையே தொழிலாக்கிக்கொண்ட ஓர் இளம்பெண். அவருக்கு உதவியாக மாயாபந்தரைச் சேர்ந்த கரென் இனத்து இளைஞர் ஒருவர்.

முதல் நாள் காலையில் அந்தப் பெண் எங்களை இருவர் இருவராகப் பிரித்தார். “அங்கிள், கரை ஏறுகிறவரை இவர்தான் உங்கள் ஜோடி. உங்கள் காற்று தீர்ந்தால் இவரிடம் இருப்பது உங்களுடையது. இவர் மேலே போனால் நீங்களும் போகவேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது” என்றார். நம் ஜோடியாக அமைந்தவர் ராஞ்சிக்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது. நமக்கு இந்தி ஏக், தோ, தீன் வரைக்கும். இருவர் ஆங்கிலமும் சேர்ந்து ஒருவருடைய ஆங்கிலத்துக்கு ஈடாகாது. வணக்கம் சொல்லிச் சிரித்துக்கொண்டதோடு எங்கள் அறிமுகம் முடிந்தது.

நமக்கு அப்போது நம் தென்கடற்கரை நினைவுக்கு வந்தது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் — அது 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று — குளிப்பவர் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு மூச்சை அடக்கி ஆழத்துக்குப் போவார். அவர் இடுப்புக் கயிற்றின் மறுமுனை தோணியில் இருப்பவர் கையில் இருக்கும். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்தவுடன் மேலே இருப்பவர் இழுக்கவேண்டும். ஒரு நொடி பிந்தினாலும் உயிர் போய்விடும். அந்தக் கயிற்றை உடன்பிறந்த அண்ணன் தம்பி கையில்கூடக் கொடுக்கமாட்டார்களாம், மைத்துனன் கையில்தான் கொடுப்பார்களாம். அண்ணன் தம்பிக்குச் சொத்தில் பங்கு உண்டு. மைத்துனனுக்கோ தன் அக்காளோ தங்கையோ தாலி இழந்துவிடக்கூடாது என்ற கவலை உண்டு. கடற்கரை ஊர்களில் இதைச் சொல்லக் கேளாதவர் இரார். நம் கயிறோ நேற்றுவரை முகம் அறியாத ஒருவர் கையில்!

இக்கருவி பிறந்த கதையும் சுவையானது. 1943-ஆம் ஆண்டு, பிரான்சு ஜெர்மானியரின் பிடியில் இருந்தது. பெட்ரோல் கிடைக்காத காரணத்தால் மோட்டார் வண்டிகளை வாயுவால் ஓட்ட முயன்றார்கள். அதற்காக எமில் காஞன் என்ற பொறியாளர் வாயுவை அளவோடு திறந்துவிடும் அடைப்பிதழ் ஒன்றை அமைத்திருந்தார். கடற்படை அதிகாரியான ஜாக் கூஸ்தோ அவரோடு சேர்ந்து, அதையே மனிதன் மூச்சு இழுக்கும்போது மட்டும் காற்றைத் தருமாறு மாற்றி அமைத்தார். போர்க்காலத் தட்டுப்பாட்டிலிருந்து முளைத்த கருவிதான் மனிதனுக்குக் கடலடியின் கதவைத் திறந்தது.

சிலிண்டரில் இருப்பது பலரும் எண்ணுவதுபோல் தனி ஆக்சிஜன் அன்று. நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றே. ஏறத்தாழ 11 லிட்டர் கொள்ளும் உருளையில் 200 மடங்கு அழுத்தி அடைத்திருப்பதால் 2,200 லிட்டர் காற்று அதில் அடங்குகிறது. நிமிடத்திற்கு 20 லிட்டர் செலவிடும் ஒருவர் கரையில் அமர்ந்து சுவாசித்தால் இது 110 நிமிடங்களுக்கு வரும். ஆனால் 10 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் சேர்ந்து இரு மடங்காகிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் இரு மடங்கு காற்று வேண்டும். ஆகவே 55 நிமிடம். பயந்தவர்க்கு அதுவும் இல்லை. அச்சம் காற்றைக் குடிக்கும். எங்களுள் மிகச் சிக்கனமாகச் சுவாசித்தவர் அந்த ராஞ்சிக்காரர்தான். வங்கி ஊழியர் அல்லவா என்று நாம் பின்னர் வேடிக்கை செய்தோம்.

தலைமையான கட்டளை ஒன்று உண்டு: மேலே ஏறும்போது மூச்சை அடக்காதே. ஆழத்தில் நுரையீரலை நிறைத்த காற்று, மேலே வர வர அழுத்தம் குறைந்து விரியும். வெளிவிடாவிட்டால் நுரையீரலே கிழிந்துவிடும். முத்துக்குளித்த நம் முன்னோர்க்கு இந்த ஆபத்து இல்லை, ஏனெனில் அவர்கள் மேலிருந்து கொண்டுபோன ஒரே மூச்சைத்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். வேகமாக ஏறுவதும் கூடாது. ஆழத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், சோடாப் புட்டியைச் சட்டெனத் திறந்தாற்போல் குமிழிகளாகப் பொங்கும். நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதீர்கள், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள் என்று எங்களுக்குக் கற்பித்தார்கள்.

பேச்சில்லாத இடத்தில் கைதான் வாய். பெருவிரலும் சுட்டுவிரலும் வட்டமாகச் சேர்ந்தால் ‘நலம்’. கரையில் வெற்றிக்கு அடையாளமாக நாம் உயர்த்தும் கட்டைவிரல் அங்கே ‘மேலே போவோம்’ என்றாகிறது. உள்ளங்கையைக் கவிழ்த்து இருபுறமும் ஆட்டினால் ‘ஏதோ சரியில்லை’. கழுத்தை வெட்டுவதுபோல் கையை இழுத்தால் ‘எனக்குக் காற்று இல்லை’. இக்கடைசிச் சைகையைத்தான் மீண்டும் மீண்டும் பழக்கினார்கள். சிலிண்டரை உண்மையில் மூடிவிடுவதில்லை. ஆனால் நாம் நம் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ஜோடியை நோக்கி நீந்தி, கழுத்தில் கையை இழுத்துக் காட்டி, அவர் தம் மார்பில் மாட்டியிருக்கும் உபரிக் குழாயைத் தருமளவும் மெல்லக் குமிழிவிட்டுக்கொண்டு காத்திருக்கவேண்டும். அதன்பின் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு, ஒரே சிலிண்டரிலிருந்து இருவரும் சுவாசித்தவாறே ஏறவேண்டும்.

முப்பத்தைந்து ஆண்டுகள் அலுவலகத்தில் பிறரிடம் எதையும் கேட்டு நிற்பதை இழிவாகக் கருதி வாழ்ந்துவிட்ட நமக்கு, அந்தச் சில நொடிகள் புதியவை. எதிரே இருந்த கண்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். முகக் கண்ணாடிக்குள் கண்ணைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அவர் சாதி, சம்பளம், ஊர், மொழி, எதுவும் தெரியாது. குழாய் நீண்டது. நாம் சுவாசித்தோம்.

நாசிக் தாயும் மகளும் முதல் நாள் ஒன்றாகத்தான் இறங்கினார்கள். இரண்டாம் நாள் அவர்களைப் பிரித்து, தாயைத் தம்மோடும் மகளைக் கரென் இளைஞரோடும் சேர்த்துவிட்டார் அந்தப் பெண். தாய் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, தம் காற்றளவைக் காட்டும் முள்ளை ஒரு முறைகூடப் பார்க்கவில்லையாம். அளவு மீறிய பாசம் நீருக்குள் ஆபத்து என்று அவர் சொன்னபோது அந்தத் தாயின் முகம் வாடிவிட்டது. ஆயினும் மூன்றாம் நாள் அவர் முள்ளையும் பார்த்தார், மீனையும் பார்த்தார். மகள் வேறொருவர் பாதுகாப்பில் தூரத்தில் நீந்துவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளை வெளியூர் அனுப்பும் நம் வீட்டுத் தாய்மார்களுக்கு அவர் நிலை நன்கு விளங்கும்.

கடலடியை வருணிக்க நமக்குப் புலமை போதாது. ஆனால் சிலவற்றைச் சொல்லலாம். நீருக்குள் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரியனவாகத் தோன்றும்; எனவே மீன் கதை சொல்பவரை முழுப் பொய்யர் என்று தள்ளிவிட வேண்டாம். ஒலி காற்றில் செல்வதைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகப் பாய்வதால் எத்திசையிலிருந்து வருகிறதென்றே காதுக்குப் புலப்படாது. நிறங்களில் முதலில் விடைபெறுவது சிவப்பு. சற்று ஆழம் சென்றபின் கையில் கீறல் விழுந்தால் இரத்தம் பச்சையாகத் தெரியும்! விளக்கை அடித்தால் மட்டும், இருண்டு கிடந்த பவளப்பாறை திருவிழாப் பந்தல்போல் விழித்துக்கொள்கிறது. கடல் சாமந்தியின் விஷக் கொடுக்குகளுக்கு நடுவே கோமாளி மீன் அச்சமின்றிக் குடித்தனம் நடத்துகிறது. பாறையைக் கிளிமீன் கொறிக்கும் ஓசையை நாம் காதாலேயே கேட்டோம்.

எல்லாவற்றிலும் நம் மனத்தில் தங்கிவிட்ட காட்சி ஓர் உளுவை மீனும் இறாலும்தான். விரல் நீளமே உள்ள அந்த மீன் மணலில் ஒரு வளையின் வாயிலில் அமர்ந்திருக்கிறது. வளைக்குள்ளிருந்து ஓர் இறால் மணலை வாரி வாரி வெளியே தள்ளுகிறது. இறாலுக்குக் கண்பார்வை மிகக் குறைவு. வளை தோண்டத் தெரியும். மீனுக்குக் கண் கூர்மை, தோண்டத் தெரியாது. இறால் வெளியே வரும்போதெல்லாம் தன் நீண்ட மீசையால் மீனைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. ஆபத்து நெருங்கினால் மீன் வாலை ஒரு சொடுக்குச் சொடுக்கும்; இறால் உள்ளே போய்விடும், மீனும் பின்தொடரும். கரென் இளைஞர் எங்களை மணலில் படுக்கவைத்து, ஐந்து நிமிடம் அசையாமல் இதைக் காணச் செய்தார். ராஞ்சிக்காரர் நம் தோளைத் தொட்டு, மீனையும் இறாலையும் சுட்டி, பிறகு நம்மையும் தம்மையும் சுட்டினார். இதில் தோண்டுபவர் யார், காவல் யார் என்று கேட்க நம்மிடம் சைகை இல்லை.

பயிற்சி முடிந்த மறுநாள் ‘லைட்ஹவுஸ்’ எனப்படும் இடத்தில் இறங்குவதாக ஏற்பாடு. ராஞ்சிக்காரருக்கு அதுவே கடைசி நாள். அதற்கு அடுத்த நாள் அவர் கப்பலேறி, அதன்பின் விமானம் பிடிக்கவேண்டும். கடலில் பலமுறை இறங்கியவர் 18 மணி நேரமாவது கழியாமல் விமானம் ஏறக்கூடாது என்ற விதியைக் கணக்கிட்டே அவர் நாள் குறித்திருந்தார். இந்தப் பயணத்துக்காக மூன்று ஆண்டுகளாகச் சேமித்து, விடுப்பையும் சேர்த்துவைத்து வந்திருந்தார் என்பதை அந்தப் பெண் வாயிலாக அறிந்திருந்தோம். கடலாமையை ஒரு முறை காணவேண்டும் என்பது அவர் ஆசை. முந்தைய நான்கு நாட்களில் ஆமை தென்படவில்லை.

நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். ஆழம் கூடும்போது காதுச் சவ்வின்மேல் நீர் அழுத்தும்; மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் ‘டப்’பென்று ஓசையோடு சமமாகும். நான்கு நாள் ஒழுங்காகத் திறந்த நம் இடது காது, அன்று 6 மீட்டரில் திறக்க மறுத்துவிட்டது. சற்று மேலேறி மீண்டும் முயன்றோம். ஊசி குத்துவதுபோல் வலித்தது. இனியும் இறங்கினால் சவ்வு கிழியும். கையை ஆட்டிக் காதைச் சுட்டிக் காட்டினோம். கீழே கரென் இளைஞரும் மற்றவர்களும் பாறையை அடைந்துவிட்டார்கள். அவர் அண்ணாந்து பார்த்து, விஷயத்தைப் புரிந்துகொண்டு, கயிற்றைப் பிடித்தே படகுக்குத் திரும்புமாறு சைகை செய்தார்.

நாம் ராஞ்சிக்காரரைப் பார்த்தோம். நாம் தனியே ஏறிக்கொள்கிறோம், நீங்கள் போங்கள் என்று கையால் கீழே காட்டினோம். படகு தலைக்குமேலேயே தெரிந்தது. கயிறும் கையில் இருந்தது. அவர் கீழே ஒரு முறை பார்த்தார். பிறகு நமக்கு முன்னால் கட்டைவிரலை உயர்த்தினார். ஒவ்வொரு மீட்டருக்கும் நம் கண்களைப் பார்த்து ‘நலமா’ என்று விரல் வட்டத்தால் வினவிக்கொண்டே உடன் ஏறினார்.

படகில் ஈரம் சொட்ட அமர்ந்தோம். வருத்தம் தெரிவிக்க நமக்கு மொழி இல்லை. அவர் அதைக் கேட்கவும் விரும்பவில்லை போலும். நம் காதையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். படகோட்டி வங்காளி, அறுபது வயதிருக்கும். ஒரு தகர டப்பாவிலிருந்து பொரியை எடுத்து, கடுகெண்ணெய் விட்டு, பச்சை மிளகாயும் வெங்காயமும் நறுக்கிப்போட்டுக் குலுக்கி எங்கள் முன் வைத்தார். தம் தந்தை சிறுவனாக எல்லையைக் கடந்து வந்த கதையை இந்தியில் சொல்ல, ராஞ்சிக்காரர் அதை உடைந்த ஆங்கிலத்தில் நமக்குச் சொன்னார். பிறகு ராஞ்சிக்காரரும் தம் கதையைத் திறந்தார். 1918-ஆம் ஆண்டு முதல் சோட்டா நாகபுரியிலிருந்து காடு வெட்டும் கூலிகளாக ஆயிரக்கணக்கானோர் அந்தமானுக்கு அழைத்துவரப்பட்டார்கள். அவர்களுள் கத்தோலிக்கர் மிகப் பலர். இன்றும் அவர்களை ராஞ்சிக்காரர்கள் என்றே அங்கே அழைக்கிறார்கள். இவருடைய பாட்டனாரின் தம்பி அப்படி வந்தவர். ஊர் திரும்பவே இல்லை. அவர் பேரப்பிள்ளைகளைப் போர்ட் பிளேரில் தேடிக் கண்டுபிடித்து, ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்கு அவர்களோடு சென்றுவிட்டுத்தான் ஹேவ்லாக் வந்தாராம். கடல் ஆசை பாதி, உறவு தேடியது பாதி.

நாமும் நம் பங்குக்கு முத்துக்குளிப்போர் கதையைச் சொன்னோம். மைத்துனன் என்பதற்கு அவர் மொழியில் உள்ள சொல் வசவாகவும் வழங்குவதால், முதலில் படகோட்டியும் அவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கயிறு பற்றி விளக்கியபின் சிரிப்பு அடங்கியது. “தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்டார். “மச்சான்” என்றோம். இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

முக்கால் மணி நேரத்தில் மற்றவர்கள் மேலே வந்தார்கள். ஆமையைக் கண்டிருந்தார்கள்! நாசிக் பெண் இரு கைகளையும் விரித்து அதன் அளவைக் காட்டிக்கொண்டே ஏணியில் ஏறினாள். தாய் அவளைச் சைகையால் அடக்க முயன்றார். இரண்டாம் முறை இறங்கலாம் என்று இருந்தபோது படகோட்டி மேற்கே வானத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டார். காற்று எழுந்துவிட்டது. படகு திரும்பியது. ராஞ்சிக்காரர் ஆமையைக் காணவில்லை.

அன்று மாலை கரென் இளைஞர் எங்களோடு நெடுநேரம் அமர்ந்திருந்தார். அவர் முன்னோரை 1925-இல் பர்மாவிலிருந்து ஆங்கிலேயர் வனத்துறை வேலைக்காக மாயாபந்தர் பக்கம் கொண்டுவந்து வெபி என்ற ஊரில் குடியேற்றினார்கள். கடலையும் காட்டையும் உள்ளங்கைபோல் அறிந்தவர்கள். ஹேவ்லாக்கில் ஸ்கூபா தொடங்கிய காலத்தில், பாறை எங்கே இருக்கிறதென்று வந்தவர்களுக்குக் காட்டிக் கொடுத்தவர்கள் கரென் படகோட்டிகளே. இதனால் கடலடியில் சில இடங்களுக்கு அவர்கள் பெயர்களே நிலைத்துவிட்டன: ஜானிஸ் கார்ஜ், டிக்சன்ஸ் பினாகிள். நிலத்தின்மேல் உள்ள தீவுகளுக்கு ஆங்கிலேயத் தளபதிகளின் பெயர்கள். அவற்றை இன்று மாற்றிவருகிறார்கள். நீருக்கடியில் உள்ள பாறைகளுக்கு வழிகாட்டிய தோழர்களின் பெயர்கள். இவற்றை மாற்றவேண்டுமென்று எவருக்கும் தோன்றாது என நம்புகிறோம்.

அவர் சொன்ன இன்னொரு செய்தி மனத்தைக் கனக்கச் செய்தது. நாங்கள் கண்டு வியந்த பாறைகளுள் வெள்ளையாயும் பாசி படிந்தும் கிடந்தவை பல. பவளம் என்பது உயிருள்ள சிற்றுயிர்களின் கூட்டம். அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்ணிய பாசியே அவற்றுக்கு உணவும் நிறமும் தருகிறது. கடல் நீர் வழக்கத்தைவிட ஓரிரு பாகை சூடாகிச் சில வாரங்கள் நீடித்தால், பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். சூடு தணியாவிடில் மடிந்துவிடும். 2010-ஆம் ஆண்டுக் கோடையில் அந்தமானில் பெருமளவில் அது நேர்ந்தது, 2016-இல் மீண்டும். சிறுவனாகத் தாம் கண்ட நிறங்களை எங்களுக்குக் காட்ட முடியவில்லையே என்று அவர் வருந்தினார். அத்தீவின் இளைஞர்களுக்குப் பிழைப்பும் அதுவே. நம்மைப் போன்றவர்கள் பவளத்தைக் காலால் மிதிக்காமலும் கையால் தொடாமலும் இருப்பது மிகச் சிறிய உதவி. ஆனால் அதையும் செய்யாதவர்களை நாம் கண்ணால் கண்டோம்.

செல்ல எண்ணும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். பத்து வயது நிறைந்த பிள்ளைகளிலிருந்து கற்பிக்கிறார்கள். ஆஸ்துமா, இருதய நோய், வலிப்பு, காதுக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சம்மதமின்றி இறங்கலாகாது. கருவுற்ற தாய்மார் அறவே கூடாது. சளி பிடித்திருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். பயிற்சியின்றி ஒருமுறை மட்டும் இறங்கிப் பார்ப்பவர்களை ஆசிரியர் கூடவே இருந்து 12 மீட்டருக்கு மேற்படாமல் அழைத்துச் செல்வார். உடல்நிலைப் படிவத்தைத் தராமல், கேள்வி கேட்காமல், பணத்தை வாங்கிக்கொண்டு உடனே நீரில் இறக்குபவர்களிடம் போகாதீர்கள். மழைக்காலத்தில் கடல் கலங்கியிருக்கும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல பருவம்.

நம் துணைவியார் செபமாலை முடிந்த நேரங்களில் படகோட்டியின் மனைவியோடு பழகி, கடுகு அரைத்து மீன் வைக்கும் பக்குவத்தைக் கற்று வந்துவிட்டார். பதிலுக்கு நம் புளிக்குழம்பைக் கற்பித்தாராம். இருவருக்கும் பொதுவான ஒரு சொல்கூடக் கிடையாது. இவர்களுக்கு ஸ்கூபா எதற்கு?

நம் காதைத் திருச்சியில் ஒரு மருத்துவர் பார்த்து, சளிக்கட்டு என்று மருந்து எழுதித் தந்தார். இரண்டு வாரத்தில் சரியாயிற்று. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ராஞ்சியிலிருந்து கைப்பேசியில் குடும்பப் படமும் வாழ்த்தும் வந்தன. சென்ற மாதம் மீண்டும் ஒரு செய்தி. பிப்ரவரியில் பத்து நாள் விடுப்புக் கிடைத்திருக்கிறது, அதே படகோட்டியிடம் பேசிவிட்டேன், ஆமை இன்னும் அங்கேயே இருக்கிறதாம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அதன் கீழே, யாரிடமோ கேட்டு எழுதினார் போலும், தமிழில் ஒரே வரி: “மச்சான், காது திறந்ததா?”

கப்பல் சீட்டுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம். இம்முறை துணைவியார் புளியைத் தனியாக ஒரு பையில் கட்டிவைத்திருக்கிறார்.